குரலை வீட்டில் வைத்துவிட்டு

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்தால் "முடியாது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாய்.

எங்கள் கப்பல் கம்பெனியில் ஒரு சலுகை உண்டு. சில வருடம் வேலை பார்த்தவர்கள், வீட்டு மனிதர் ஒருவரோடு கம்பெனிக் கப்பலில் ஒரு முறை போய் வரலாம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "கப்பல்ல கால் வெக்காமலே கப்பல் டிக்கெட் விக்கிறியேம்மா" என்று சிரித்தார். அவர் சொல்வதும் சரிதான். கவுன்ட்டர் கண்ணாடிக்கு எதிரே மாட்டியிருக்கும் காலண்டரில்தான் நான் தினமும் கடல் பார்க்கிறேன். துறைமுகம் நடந்து போகிற தூரம். போகத்தான் தோன்றியதில்லை.

எந்த ஊர் வேண்டுமானாலும் எழுதிக் கொடு என்றார். நான் யோசிக்கவே இல்லை. நீ புரூஃப் பார்க்கும் புவியியல் பாடப் புத்தகத்தில் ஒரு எரிமலைத் தீவு வருகிறது, பிழையே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் என்று போன வருடம் எழுதியிருந்தாயே, அந்தத் தீவுக்கு எங்கள் கப்பல் போகிறது. வாரம் ஒரு நாள். ஏப்ரல் கடைசி வரை மட்டும். அதற்குப் பிறகு மழையும் கொந்தளிப்பும் வந்துவிட்டால் மறுபடி குளிர்காலத்தில்தான்.

இதோடு எங்கள் துண்டுப் பிரசுரத்தை வைத்திருக்கிறேன். நடுவில் மலை, அது தூங்கிக்கொண்டிருக்கிறதாம். மலை முழுக்கக் காடு. கறுப்பு மணல். ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடி. தங்க ஒரே ஒரு விடுதி. இன்னும் யாரும் போய்க் கெடுக்காத இடம்.

போன தடவை நான் வீட்டுக்கு வந்தபோது என்னை அம்மாவுக்குக் காவல் வைத்துவிட்டு நீ தெருமுனைக் கடைக்குப் போனாய். அந்த நேரம் முழுக்க அம்மா வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பென்சில் வாங்கிக்கொண்டு, ஏதோ தேசாந்திரம் போய் வந்தவள் போல முகமெல்லாம் பூரித்து மேலே வந்தாய். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஏப்ரலுக்குள் நீ அந்த வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

ஃபோனில் இதைப் பேசாதே. அது அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வாலு

*

ஜனவரி 17

அன்புள்ள வாலுக்கு,

துண்டுப் பிரசுரம் கிடைத்தது. திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "எரிமலை" இரண்டு இடத்தில் இடையின ரகரத்துக்குப் பதில் வல்லின றகரம். "அமைதியான அமைதி" என்று யார் எழுதினார்கள்? படத்துக்குக் கீழே போட்டிருப்பது வேறு படத்தின் விளக்கம். இந்த அழகில் மனிதர்களைக் கூட்டிப் போகிறார்களாம்.

நான் வர முடியாது. உனக்கே தெரியும். தெரிந்துகொண்டே ஆசை காட்டுகிறாய்.

அம்மாவுக்கு நோய் ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னைவிட வேகமாக நடக்கிறாள். ஆனால் வீட்டில் இன்னொரு ஆளின் சத்தம் நின்றால் அவளுக்கு மூச்சு நிற்கிறது. "இருக்கியா?" என்பாள். "இருக்கேம்மா" என்று நான் சொல்ல வேண்டும். நான் குளிக்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பாள். பதில் சொல்ல ஒரு மூச்சு தாமதமானால் கதவை இடிப்பாள். டாக்டர் மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு கேட்டாள்.

நீ அப்பா போன அன்று இங்கே இல்லை. அப்பா உள்ளறையில் படுத்திருந்தார். காலையில் இரண்டு பேருக்கும் ஏதோ சண்டை. அம்மா அடுக்களையிலிருந்து, "இருக்கீங்களா, சாப்பாடு எடுத்து வெக்கவா?" என்று கேட்டாள். பதில் இல்லை. வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்து அவளும் வீம்பாக இருந்துவிட்டாள். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாள்.

எனக்கு என் வேலைதான் துணை. புரூஃபை வாய்விட்டுப் படித்தால்தான் பிழை பிடிபடும் என்பது என் பழக்கம். "கமா", "முற்றுப்புள்ளி", "புதுப் பத்தி" என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே படிப்பேன். அந்தச் சத்தம் இருக்கும் வரை அம்மா அவ்வளவாகக் கேட்பதில்லை. தொண்டை கட்டிக்கொண்டால்தான் திண்டாட்டம்.

ஒன்று மட்டும் விசாரித்து எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான். மலை மேல் ஏறப் பாதை இருக்கிறதா, காடுதானா? செருப்பு போதுமா? வெந்நீர் ஊற்று என்று பாடத்தில் இருக்கிறது. கை வைக்கும் சூடா, கொதிக்கும் சூடா என்று எழுதவில்லை.

அக்கா

*

ஜனவரி 28

அன்புள்ள அக்கா,

"சும்மா தெரிந்துகொள்ள" என்றா கேட்கிறாய். சரி, சும்மா சொல்கிறேன். கப்பல் சமையல்காரரைப் பிடித்து விசாரித்தேன். பாதி மலை வரை பாதை உண்டு. செருப்பு வழுக்கும், துணிக் காலணி வேண்டும். ஊற்று இரண்டு இருக்கிறது. மேலே இருப்பது கொதிக்கும். கீழே இருப்பதில் கழுத்து வரை உட்காரலாம். போனவர்கள் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்களாம். மேனேஜரிடம் உன் திருத்தங்களைக் காட்டினேன். மனிதர் அசடு வழிந்தார்.

இப்போது என் யோசனை. திட்டாமல் கேள்.

எங்கள் டிக்கெட் கூடத்தில் "வரிசையில் நிற்கவும், அடையாளச் சீட்டைக் கையில் வைத்திருக்கவும்" என்று ஒரு பெண் குரல் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது என் குரல். ஒரு நாள் டேப்பில் பேசிக் கொடுத்தேன். நேற்று ஒரு பெரியவர் என் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுமையாச் சொல்லுது, நீ ஏன் வள்ளுன்னு விழறே?" என்று என்னையே கேட்டார். அப்போதுதான் பொறி தட்டியது.

அம்மாவுக்கு வேண்டியது உன் சத்தம். நீ எப்போதும் படிப்பது போலப் படித்து, நடுநடுவே "இருக்கேம்மா" என்று சொல்லி, டேப்பில் பிடித்துவிடு. உன் அறைக் கதவைச் சாத்தி அதை ஓடவிட்டு, சத்தமில்லாமல் கீழே இறங்கிப் பார். டேப்பில் ஒரு பக்கம் முடிவதற்குள் மேலே வந்துவிடு. எங்கள் அலுவலகத்தில் ஓரம்கட்டிய ரிக்கார்டர் ஒன்றைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, துணி சுற்றி அனுப்புகிறேன்.

ஏமாற்று வேலைதான், நான் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்த அறைக்குள் உன் வயசு போய்க்கொண்டிருக்கிறதே அக்கா, அது மட்டும் நியாயமா?

வாலு

*

பிப்ரவரி 6

வாலு,

பார்சல் வந்தது. அம்மா என்ன என்று கேட்டாள். அச்சகத்திலிருந்து வந்த சாமான் என்று சொன்னேன். முதல் பொய் அங்கேயே ஆரம்பித்தாகிவிட்டது.

பெற்ற தாயை ஒரு பெட்டியை வைத்து ஏமாற்றச் சொல்கிறாய். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு யோசனை சொல்வது சுலபம். நீ படிப்பு என்று கிளம்பினாய், அப்புறம் வேலை என்றாய், அப்படியே தங்கிவிட்டாய். அதைத் தப்பு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் இந்த வீட்டில் எது நியாயம் என்று நீ எனக்குப் பாடம் எடுக்காதே. பெட்டியை அலமாரியில் பூட்டிவிட்டேன்.

பிப்ரவரி 15

மேலே எழுதியதை அனுப்பவில்லை. அடிக்கவும் மனமில்லை. இருக்கட்டும், நீ படி.

நேற்று போனேன்.

போன வாரம் அந்த எரிமலைப் பாடத்தையே டேப்பில் படித்து வைத்தேன். மறுபதிப்புக்காகப் புதிதாக அச்சுக் கோத்து மறுபடி என்னிடம்தான் வந்திருக்கிறது. டேப்பின் மறு பக்கத்தில் ஆறுகளும் பனிப்பாறைகளும். ஒரு வாரம் தொடும் துணிவு வரவில்லை. நேற்று காலை அம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் பொத்தானை அழுத்தினேன். என் குரலே எனக்கு வேறு யாரோ பேசுவது போல இருந்தது. பின்கட்டுப் படிக்கட்டு வழியாகச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று மாடியும் நடந்தேனா உருண்டேனா தெரியாது. நடுவழியில் அம்மா கேட்பது காதில் விழுந்தது. என் குரல் பதில் சொன்னதும் விழுந்தது. ஆனாலும் நான் திரும்பவில்லை.

பெரிய தெருவில் காலணிக் கடை இருக்கிறது. எப்போது வந்தது என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "நாங்க ரொம்ப வருஷமா இங்கதாம்மா இருக்கோம்" என்றார். நீல நிறத்தில் ஒரு துணிக் காலணி வாங்கினேன். பிறகு பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்து வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. உனக்கு இது ஒரு விஷயமாகவே படாது. எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்தபோது டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மா நாற்காலியில் இருந்தாள், கொஞ்சம் வெளிறியிருந்தாள். "படிச்சு முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

டிக்கெட்டுக்குப் பெயர் கொடுப்பதாக இருந்தால் எப்போது கொடுக்க வேண்டும்?

அக்கா

*

பிப்ரவரி 22

என் தங்க அக்கா,

பெயர் கொடுத்தாகிவிட்டது. ஏப்ரல் முதல் வாரக் கப்பல். போய் இரண்டு வாரம் தங்கி, மூன்றாவது வாரக் கப்பலில் திரும்புகிறோம். கடைசிக் கப்பலுக்கு முந்தியது. உன் கடிதத்தைக் கவுன்ட்டரிலேயே வைத்துப் படித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுத் தோழி, "யாருடி மாப்பிள்ளை?" என்கிறாள்.

இனி வேலையைப் பார். எதிர்வீட்டு நர்ஸம்மா உனக்கு வேண்டியவள்தானே. இரவில் வந்து அம்மாவோடு படுக்கவும், இரண்டு வேளை சாப்பாடு கொண்டுவரவும் அவளிடம் கேள். நான் தனியாக அவளுக்கு எழுதுகிறேன். அவள் டியூட்டிக்குப் போகும் பகல் நேரத்துக்குத்தான் டேப். ஒரு பக்கம் முடியும் போதெல்லாம் மாற்றிப் போட அவள் வீட்டிலிருந்து யாராவது வந்து போகட்டும். அதற்குள் நீ வெளியே இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிப் பழகு. "குளிக்கறேம்மா", "இதோ வரேம்மா" என்று விதவிதமாகப் பேசி வை. எப்போதும் ஒரே "இருக்கேம்மா" என்றால் மாட்டிக்கொள்வாய்.

விடுதி அறை கடலைப் பார்த்ததா, மலையைப் பார்த்ததா? எது வேண்டும் என்று எழுது. நான் மலையைத்தான் கேட்கப்போகிறேன். கடலைக் காலண்டரில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

வாலு

*

மார்ச் 12

வாலு,

டிக்கெட்டை ரத்து செய். நான் வரவில்லை.

காரணம் கேட்பாய், எழுதுகிறேன். இந்த ஒரு மாதமாக நான் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். நூலகம் போனேன். அச்சகத்துக்கே நேரில் போய்ப் பக்கங்களைக் கொடுத்தேன். இத்தனை நாள் என் கையெழுத்தை மட்டும் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்து, நீங்கதானா அது என்று எழுந்து நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் டேப் முடிவதற்குள் வந்துவிட்டேன். நேற்று முடியவில்லை. மழைக்கோட்டு வாங்கப் போன இடத்தில் மழையே பிடித்துக்கொண்டது. பேருந்து வரவில்லை. நனைந்துகொண்டே ஓடி வந்தேன். ஒரு பக்கம் முடிந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்கும். மாடிப்படியில் நின்று அம்மாவின் அலறலைத் தேடினேன்.

என் குரல் கேட்டது. பனிப்பாறைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது.

அது டேப்பின் இரண்டாவது பக்கம். தானாகத் திரும்பாது. யாரோ எடுத்து மாற்றிப் போட வேண்டும்.

பின்கட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா நாற்காலியில் கைப்பிடியை இறுகப் பிடித்தபடி இருந்தாள். அந்தப் பக்கமும் முடிந்து பொத்தான் சொடுக்கியது. வீடு நிசப்தமானது. அம்மாவின் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். எழுந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து என் அறைக்குப் போனாள். தப்பான பொத்தானை அழுத்தி, மறுபடி அழுத்தி, கேஸட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். என் குரல் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டு, "இருக்கியா?" என்றாள்.

அவளுக்குத் தெரியும், வாலு. எத்தனை நாளாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டி என்று தெரிந்தே அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நாம் ஏமாற்றவில்லை. அவள்தான் ஏமாந்த மாதிரி இருந்து என்னை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நான் அரை மணி நேரம் பின்கட்டிலேயே நின்று, ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போனேன். அவளும் ஒன்றும் தெரியாதவள் போலத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா

*

மார்ச் 19

அக்கா,

ரத்து செய்ய மாட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காக நீ மறுபடி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாய். உனக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும். முன்பு அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று காரணம். இப்போது தெரிந்துவிட்டதே என்று காரணம். எனக்குச் சில சமயம் சந்தேகமாகவே இருக்கிறது. இருக்கியா என்று யாரும் கேட்காத இடத்துக்குப் போக உனக்கே பயமோ?

எழுதிவிட்டேன். அடிக்க மாட்டேன். நீயும்தான் போன மாதம் அடிக்காமல் அனுப்பினாய்.

இப்படிச் செய்வோம். என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உன்னுடையது அப்படியே இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த இரண்டு வாரமும் லீவு போட்டு நான் வீட்டுக்கு வருகிறேன். பெட்டி வேண்டாம், நர்ஸம்மா வேண்டாம். பெற்ற பெண் பக்கத்தில் இருக்கப்போகிறேன், அதற்கு மேல் அம்மாவுக்கு என்ன வேண்டும்? அவள் கூப்பிடும் போதெல்லாம் பதில் சொல்வேன். கத்திக் கத்திச் சொல்வேன். நீ தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல். மலையைப் பார்த்த அறைதான் கேட்டிருக்கிறேன்.

வாலு

*

மார்ச் 26

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்னோடு மனத்துக்குள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் அம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவே இல்லை. "முதல் நாளே தெரியும். நீ படிக்கும்போது நடுவுல தண்ணி குடிப்பே. அது குடிக்கல" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ போகமாட்டே."

இப்போதும் போகப்போவதில்லை என்று சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "போகலைன்னா நான் இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீணாப் போயிடும்" என்றாள். பிறகு தலையணை உறையை உதறி மடிக்க ஆரம்பித்தாள்.

அம்மா விட்டுவிட்டாள், அக்கா விடுதலையாகிவிட்டாள் என்று நீ குதிப்பாய். எனக்கு அப்படி இல்லை. இத்தனை நாள் போக முடியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். இப்போது போகாமல் இருக்க முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா பயந்ததற்கு நான் ஈடு கொடுக்க வேண்டும், நீ லீவு போட்டதற்கு ஈடு கொடுக்க வேண்டும். எனக்கு நிஜமாகவே அந்தத் தீவைப் பார்க்க ஆசைதானா, பாடத்தில் படிக்கத்தான் ஆசையா என்று இப்போது தெரியவில்லை. நீ கேட்டாயே பயமோ என்று. ஆமாம், பயம்தான்.

வா. நீ வந்த மறுநாள் கிளம்புகிறேன். பெட்டியை என் மேஜை மேலேயே வைத்திருக்கிறேன், உனக்குத் தேவைப்படாது.

அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள வாலுக்கு,

இதை விடுதி மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதினோராம் தேதிக் கப்பலில் வரும்.

முதல் இரண்டு நாள் நான் விடுதிக் கொல்லையைத் தாண்டவில்லை. விடுதிக்காரம்மா சமைக்கும் சத்தம் கேட்கும் தூரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் துணிக் காலணியை மாட்டிக்கொண்டு அவள் முன்னால் போய், கொஞ்சம் மேலே போய் வரட்டுமா என்று நின்றேன். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னைய ஏம்மா கேக்கறீங்க, கால் உங்களுது" என்றாள்.

போனேன். காடு என்றால் நாம் நினைப்பது போல இல்லை. பச்சை தலைக்கு மேலே மூடிக்கொள்கிறது, காலுக்குக் கீழேயும் பச்சை. மரத்தின் மேல் செடி, செடியின் மேல் பாசி, எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. பாடப் புத்தகத்தில் "கடும் வெப்பப் பகுதி" என்று போட்டிருக்கிறது. தப்பு. மேலே போகப் போகக் குளிர்கிறது. பாதை முடியும் இடத்தில் பாறை வெடிப்பிலிருந்து ஆவி வருகிறது. அந்த இடத்தில் மண் சுடச் சுட இருக்கிறது. நான் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்ததும், அதில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். முதுகுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. எவ்வளவு நேரம் படுத்திருந்தேன் என்று தெரியாது.

சந்தோஷமாக இருந்தேன், வாலு. எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுந்திருக்கும்போதுதான் அம்மா ஞாபகமே வந்தது.

அவள் எப்படி இருக்கிறாள்? அதிகம் கேட்கிறாளா? அடுக்களையிலிருந்து பதில் சொன்னால் கூடத்துக்குச் சரியாகக் கேட்காது, குரலை உயர்த்திச் சொல். பதினெட்டாம் தேதிக் கப்பலில் ஏறிவிடுவேன். அதுவரை சமாளித்துக்கொள்.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் உன்னை ஏற்றிக்கொள்ள வரும் அதே கப்பலில் வரும். கவுன்ட்டர் தோழிக்கு அனுப்பி, கப்பல் தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு நீ துறையில் நிற்பாய். நின்றபடியே படி, பரவாயில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

என்னை அவள் கூப்பிடவில்லை. ஒரு தடவைகூட இல்லை. முதல் நாள் புது இடத்துக் கூச்சம் போல இது புது ஆள் கூச்சம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அடுத்த நாள் அடுக்களையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குளிக்கும்போது குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல் நானாகவே, "இருக்கேம்மா" என்று குரல் கொடுத்தேன். வந்து எட்டிப் பார்த்து, "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

நேற்று காலை குளித்துவிட்டு வந்தால் உன் குரல் கேட்கிறது. நீ வந்துவிட்டாயோ என்று ஈரத் தலையோடு ஓடினேன். அம்மா உன் மேஜைக்கு முன்னால் உன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. எரிமலைப் பாடம். "மலை மீண்டும் எப்போது வேண்டுமானாலும் விழித்துக்கொள்ளக்கூடும் முற்றுப்புள்ளி புதுப் பத்தி" என்று நீ படிக்கிறாய். "இது நெசமா? அங்க இவ போயிருக்காளே" என்று என்னிடம் கேட்டாள்.

நான்தான் வீட்டில் இருக்கிறேனே, இதை ஏன் போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டேன். அவள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். இத்தனை வருஷம் நானும்தான் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு நடுவே தனியாக இருக்கிறேன், ஒரு தடவையாவது என்னை இருக்கியா என்று கேட்க உனக்குத் தோன்றியதா, இப்போது பக்கத்தில் வந்து நின்றாலும் தோன்றவில்லையா என்று கத்திவிட்டேன். கத்தியதும் வீடு நிசப்தமானது. அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். முகம் நீ எழுதாமல் விட்டாயே, அப்படிப் போனது. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"பதில் வராத எடத்துல நான் கூப்பிடறதில்லடி."

நான் மறுபடி டேப்பை ஓடவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து பாடம் முடியும் வரை கேட்டோம்.

அக்கா, இந்த வீட்டில் நீ அடைந்து கிடக்கிறாய், நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை வெளியே இழுக்கத் தலையால் தண்ணீர் குடித்தேன். இப்போது கூடத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடைக்குப் போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவாளோ என்று போவதில்லை. காய்கறியை நர்ஸம்மா வாங்கி வருகிறாள். மேனேஜருக்கு லீவை நீட்டச் சொல்லி எழுதிவிட்டேன்.

இந்தக் கப்பலில் ஏறாதே. இருபத்தைந்தாம் தேதி கடைசிக் கப்பல் வரும். விடுதிக்காரம்மாவிடம் சொல்லி இன்னும் ஒரு வாரம் இரு. கீழே இருக்கும் ஊற்றில் போய் உட்கார், அதைப் பற்றி நீ எழுதவே இல்லை. நீ வாசலில் கால் வைத்துவிட்டால் அம்மா உன்னைத்தான் கூப்பிடுவாள். அப்புறம் என்னைக் கூப்பிட அவளுக்கு அவசியமே வராது.

வாலு